கலங்கிய சேற்றின் வயது

ஆழமான ஏரியின் வண்டலுக்கு வயது சொல்வது பெரிய வித்தையல்ல. அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஒக்கீசோபி ஏரிக்குச் சொல்வதுதான் வித்தை. பரப்பு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் மூன்று மீட்டர்கூட இல்லை. புயல் வீசினால் அடிச்சேறு, கரண்டி விட்ட சாம்பார் மாதிரி கலங்கிவிடும்.

வழக்கமான கடிகாரம் ஈயம்-210. ரேடான் வாயு சிதைந்து உண்டாகி, மழையோடு இறங்குவது. சுமார் 22 ஆண்டுகளில் பாதியாகும். ஆழம் போகப்போக அளவு சீராகக் குறைந்தால் கணக்குப் போடலாம். கலங்கிய சேற்றிலோ மேலடுக்கு முழுக்க ஒரே அளவு காட்டும். அதைப் புது வண்டல் என்று நம்பினால் போச்சு!

அதனால் சாட்சி தேடுகிறார்கள். அணுகுண்டுச் சோதனைகள் தூவிய சீசியம்-137-க்கு 1963-இல் உச்சம். ஆனால் சில வண்டல்களில் அதுவும் இடம் நகரும். எனக்குப் பிடித்த சாட்சி சவுக்கு மரம். தெற்கு புளோரிடாவுக்கு அது வெளியிலிருந்து வந்தது. 1900-ஐ ஒட்டிப் பரவியது. அங்கே அதன் மகரந்தம் முதலில் தென்படும் அடுக்கு, ஏறக்குறைய அந்தக் காலத்தது. மகரந்தமும் கலங்கும்தான், ஆனால் எளிதில் மட்காது.

இவை ஒத்துப்போனால் வயது கிடைக்கும். இல்லையென்றால் குழாய் செருகி எடுத்த அந்தச் சேற்றை ஒதுக்கிவிட்டு, வேறிடத்தில் எடுக்க வேண்டியதுதான்.