சொன்ன வாக்கும் அளித்த வாக்கும்

ஒருவர் கொடுக்கும் உறுதிமொழியையும் வாக்கு என்கின்றோம். சட்டசபையில் அவர் அளிக்கும் ஒப்புதலையும் வாக்கு என்கின்றோம். தமிழ் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் மேடையிற் சொன்ன வாக்கையும் மன்றத்தில் அளித்த வாக்கையும் அருகருகே வைத்து நோக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. தலைவர்களின் பேச்சுக்கள் நூலாகின்றன, நினைவு மலர்கள் வெளிவருகின்றன, சிலைகள் எழுகின்றன. ஹன்சாட் ஏட்டில் ஒவ்வொரு வாக்கெடுப்பின் முடிவிலும் அச்சிடப்பட்டுள்ள பெயர்ப்பட்டியலைப் புரட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரின் பொறுமை, அரசியலை விமர்சிப்போருக்கும் வேண்டப்படுவதாகும்.

இதற்கு 1948 ஆம் ஆண்டைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறிக்க ஜீ. ஜீ. பொன்னம்பலம் துணைபோனார் என்று ஒரு சாரார் இன்றும் கூறுவர். அவர் அம்மசோதாவை எதிர்த்தே வாக்களித்தார் என்று மறுசாரார் வாதிடுவர். இரு சாராரும் உண்மையின் ஒவ்வொரு பாதியையே கூறுகின்றனர். ஏனெனில் மசோதா ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது இலங்கைப் பிரஜாவுரிமை மசோதா. 1948 ஆகஸ்டில் அது வாக்கெடுப்புக்கு வந்தது. இலங்கையிற் பிறந்தவர் என்பது மாத்திரம் போதாது. தந்தையும் இங்கு பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். லயன் காம்பராவிற் பிறந்து கொழுந்து பறித்தே மூத்தவர்கள் இத்தகைய அத்தாட்சிகளுக்கு எங்கே போவர்? பொன்னம்பலம் இதனை எதிர்த்து வாக்களித்தார். அடுத்த மாதம், செப்டெம்பரில், டீ. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் கைத்தொழில், மீன்பிடி ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சரானார். டிசெம்பரில் இரண்டாவது மசோதா வந்தது. அதுவே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமை மசோதா. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் இடையறாது இந்நாட்டில் வசித்தமையை நிறுவவேண்டும் என்று அது விதித்தது. இம்முறை அவர் ஆதரித்து வாக்களித்தார்.

ஆகஸ்டுக்கும் டிசெம்பருக்கும் இடையில் மலைநாட்டுத் தொழிலாளியின் நிலையில் எம்மாற்றமும் நிகழவில்லை. மாறியது சபையில் ஒருவர் அமர்ந்திருந்த ஆசனமே.

அவர் தரப்பு நியாயத்தையும் கூறுதல் வேண்டும். முதற்சட்டம் நிறைவேறிவிட்ட பின்னர் இரண்டாவது சட்டமே ஒரு சிறு கதவையாவது திறந்தது. எதிர்ப்பு வரிசையிலிருந்து ஒன்றும் பெறமுடியாத நிலையில் ஒத்துழைத்துப் பெறுவதே விவேகம் என்பது அந்நியாயம். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை முதலிய கைத்தொழில் முயற்சிகளையும் அத்தரப்பினர் சான்று காட்டுவர். அவை பொய்யல்ல. ஆனால் அச்சிறு கதவு எத்தனை பேருக்குத் திறந்தது? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன; பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கே. இதனிடையே 1949 ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டம் பிரஜைகளல்லாதோரின் வாக்குரிமையை நீக்கியது. 1947 இல் மலையகத் தோட்டங்களின் பிரதிநிதிகள் பாராளுமன்றத்திற் பலர் இருந்தனர். 1952 இல் ஒருவரேனும் தெரிவாகவில்லை. மீண்டும் ஒருவர், சௌ. தொண்டமான், மக்கள் வாக்கினால் தெரிவாகும்வரை, அதாவது 1977 வரை, அம்மக்கள் காத்திருந்தனர்.

இனிக் கட்சியின் நிலைப்பாடு என்பதற்கு வருவோம். சா. ஜே. வே. செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் அரசாங்கத்திற் சேர மறுத்து, இரண்டாவது மசோதாவையும் எதிர்த்தனர். 1949 டிசெம்பரிற் தமிழரசுக் கட்சி பிறந்தது. கட்சியின் கட்டுப்பாட்டை மீறியோர் யார்? தலைவரின் விருப்பமே கட்சியின் நிலைப்பாடு என்று கொண்டால் மீறியவர்கள் இவ்விருவருமே. ஆனால் 1947 இல் தமிழ்க் காங்கிரஸ் ஐக்கிய தேசியக் கட்சியை எதிர்த்து நின்றே ஏழு ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாணத்திற் பொன்னம்பலம் தோற்கடித்த அருணாசலம் மகாதேவா ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளரே. மக்களிடம் எதைச் சொல்லி வாக்குப் பெற்றோமோ அதுவே கட்சியின் நிலைப்பாடு என்று கொண்டால், கட்சியை விட்டு வெளியேறியவர்களே கட்சியின் சொல்லைக் காத்தவர்கள். கட்சியின் பெயரை வைத்திருந்தவரே அதனைக் கைவிட்டவர். இவ்விரண்டாவது அளவுகோலே மக்களுடைய அளவுகோல் என்பது நமது துணிபு.

ஆயின் மக்கள் அவ்வளவுகோலைக் கையிலெடுத்தனரா? 1952 தேர்தலிற் செல்வநாயகம் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். தமிழ்க் காங்கிரஸ் நான்கு ஆசனங்களும் தமிழரசுக் கட்சி இரண்டும் பெற்றன. 1956 இல் மொழிப் பிரச்சினை வடக்கின் வாயிலைத் தட்டியபோதே காற்றுத் திசைமாறியது. மலையகத் தொழிலாளியின் வாக்கு பறிபோனதை வடபுலத்து வாக்காளர் தமது இழப்பாகக் கருதவில்லை. தலைவரைக் குற்றஞ்சாட்டும் விரலின் நிழல் நம்மீதும் விழுகின்றது என்பதை மறைத்துப் பயனில்லை.

முற்போக்காளர் எனப்படும் நாமும் நமது வீட்டைக் கூட்டிப் பெருக்க வேண்டியவர்களே. 1948 இல் இடதுசாரிக் கட்சிகள் பிரஜாவுரிமை மசோதாவை எதிர்த்து நின்றமை அவற்றின் வரலாற்றில் ஒளிமிக்க பக்கம். எனினும் 1964 ஒக்டோபரில், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள் அதே அரசாங்கத்தில் அமைச்சர்களாய் இருந்தனர். பதவியின் ஈர்ப்பு இனம் பார்ப்பதில்லை, கொள்கை பார்ப்பதுமில்லை.

அதே ஆண்டு டிசெம்பர் 3 ஆம் திகதி அவ்வரசாங்கம் 74 க்கு 73 என்ற ஒரே வாக்கினால் வீழ்ந்தது. ஸீ. பீ. டி சில்வாவும் பதின்மூவரும் பத்திரிகை மசோதாவை வெறுத்து வலப்புறம் சென்று எதிர்த்து வாக்களித்தனர். எட்மண்ட் சமரக்கொடியும் மெரில் பெர்னாண்டோவும், இடதுசாரிகள் முதலாளித்துவக் கட்சியோடு கூட்டுச் சேரலாகாது என்ற கொள்கைக்காக எதிர்த்து வாக்களித்தனர். பட்டியலில் இவர்கள் பெயர்கள் ஒன்றாகவே நிற்கின்றன. காரணங்களோ இரு துருவங்கள். ஆகவே பட்டியல் மாத்திரம் தீர்ப்பாகிவிடாது. அது சான்று, சான்றை விசாரிப்பது விமர்சகனின் கடமை.

அண்மைக் காலம் இதே நாடகத்தை வேறொரு வேடத்திற் காட்டியது. 2020 ஒக்டோபர் 22 ஆம் திகதி, அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் 156 க்கு 65 என நிறைவேறியது. ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய கட்சியின் மற்றைய நால்வரும் ஆதரித்தனர். 1948 இல் தலைவர் நகர்ந்தார், தொண்டர் நின்றனர். இங்கோ தலைவர் நின்றார், தொண்டர் நகர்ந்தனர். பின்னர் அந்நால்வருள் ஒருவரான நசீர் அஹமட், கட்சி முடிவுக்கு மாறாக வரவு செலவுத் திட்டத்தை ஆதரித்தமைக்காக நீக்கப்பட்டார். 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்நீக்கத்தை ஏற்றமையால் ஆசனத்தையும் இழந்தார். ஆனால் நீதிமன்றம் காக்கக்கூடியது கட்சியின் கட்டுப்பாட்டையே. கட்சி மக்களுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க ஒரு நீதிமன்றமும் இல்லை. அந்நீதிமன்றம் வாக்காளரே.

கட்சிக்கு அடங்கி நடந்தாரா என்பது கொறடாவின் கேள்வி. சொன்னபடி நடந்தாரா, அவருடைய வாக்கு யாருடைய வாழ்வைத் தொட்டது, அந்த வாக்குக்கு முந்திய மாதமும் பிந்திய மாதமும் அவர் எங்கே அமர்ந்திருந்தார் என்பன நமது கேள்விகள். குடியியல் பாடத்திற் பாராளுமன்றத்தின் அமைப்பைப் படிப்பிக்கும் நாம், ஒரேயொரு வாக்கெடுப்பின் பெயர்ப்பட்டியலையாவது மாணவர் கையிற் கொடுத்துப் படிக்கச் செய்தல் வேண்டும். மக்கள் வாக்கினால் தெரிவான தன் பிரதிநிதி ஒருவருமில்லாது இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்த தோட்டத் தொழிலாளியின் கதை அப்பட்டியலிலேயே தொடங்குகின்றது.