கலமும் அரசும்: ஓர் உருவகத்தின் வரலாறு

ரொபேட் ஹூக் 1665இல் வெளியிட்ட ‘மைக்கிரோகிறபியா’ என்னும் நூலில், தக்கையின் மெல்லிய சீவலொன்றை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கியபோது கண்ட நுண்ணிய வெற்றறைகளுக்குச் ‘சிற்றறை’ எனப் பொருள்படும் இலத்தீன் வழிச் சொல்லொன்றை வழங்கினார். துறவியரின் மடத்தறைகளை நினைந்தே அப்பெயரைத் தெரிந்தார் எனக் கூறுவோர் உளர். அவரது நூலிற் காணப்படும் ஒப்புமையோ தேன்கூடாகும். அவர் கண்டவை உயிர்நீத்த கலங்களின் சுவர்களே. எனவே உயிரின் அடிப்படை அலகுக்கு வாய்த்த பெயர் ஒரு வெற்றிடத்தின் பெயராயிற்று. ஈழத்துத் தமிழ் அறிவியல் நூல்கள் அதனைக் ‘கலம்’ என்கின்றன. தமிழகத்தில் ‘உயிரணு’ என்றும் ‘செல்’ என்றும் வழங்குவர். கலம் என்பது ஏதனம். அகத்தேயுள்ளதைப் புறத்திலிருந்து பிரித்து வைப்பது. அணுவோ பகுக்கவொண்ணாதது. பிளவுற்றே பெருகும் பொருளொன்றுக்கு இது விந்தையான பெயர்தான்.

கவிதையில் உருவகத்தை ஆராய்வோர், அறிவியலில் அது தொழிற்படும் முறையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அறிவியல் நேரடியாகப் பேசும், இலக்கியமே உருவகத்தாற் பேசும் என்ற எண்ணம் கலைப்பீடத்திலும் விஞ்ஞானபீடத்திலும் ஒருங்கே நிலவுகின்றது. இவ்வெண்ணம் எத்துணை பொருத்தமற்றது என்பதற்குக் கலக்கொள்கையின் வரலாறே தக்க சான்றாகும்.

தாவரங்கள் கலங்களால் ஆனவை என 1838இல் சிலைடனும், விலங்குகளும் அவ்வாறே என 1839இல் சுவானும் நிறுவினர். அவ்வாறாயின் பல கோடிக் கலங்கள் ஓருயிராய் ஒழுகுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு ஜேர்மன் நோயியலாளர் ருடோல்ப் விர்ச்சோ அளித்த விடை அரசியல் விடையாகும். உடல் என்பது கலங்களின் அரசு. அதன் குடிகள் ஆற்றலில் வேறுபடினும் உரிமையில் ஒத்தவர் என்றார். இது வெறும் அலங்காரமன்று. 1848இல் மேற்சிலேசியாவிற் பரவிய கொள்ளைநோயை ஆராயச் சென்ற அவர், அந்நோயின் வேர் வறுமையிலும் ஆட்சியின் புறக்கணிப்பிலும் உள்ளது என அறிக்கையிட்டு, அதற்கு மருந்தாக மக்களாட்சியையும் கல்வியையும் விதந்துரைத்தார். அதே ஆண்டு பேர்லின் எழுச்சியில் மக்கள் பக்கம் நின்றார். பிற்காலத்திற் பாராளுமன்றத்தில் பிஸ்மார்க்கை எதிர்த்தவரும் அவரே. அவர் 1858இல் வெளியிட்ட கலநோயியல் நூல், நோயை உடல் முழுவதிலும் தேடாது குறித்த கலங்களிலே தேடும்படி மருத்துவத்தைத் திருப்பியது. குடிமக்களின் இன்னலில் அரசின் நோயைக் கண்டவருக்குக் கலத்தின் கேட்டில் உடலின் நோயைக் காண்பது எளிதாயிருந்தது எனலாம். உருவகம் இங்கே பயன் விளைத்தது என்பதை மறுத்தல் ஆகாது.

ஆயினும் அக்குடியரசின் மறுபக்கமும் மனங்கொள்ளத்தக்கது. கலத்திலிருந்தே கலம் தோன்றும் என்ற கோட்பாடு 1855இல் விர்ச்சோவின் எழுத்தாற் புகழ்பெற்றது. ஆனால் கலங்கள் பிளவுற்றே பெருகுகின்றன என்பதை அதற்கு முன்னரே, 1852இல், முளையங்களை ஆராய்ந்து எடுத்துரைத்தவர் ரொபேட் ரேமாக். விர்ச்சோ அவருக்குரிய இடத்தை வழங்கவில்லை என்பது அறிவியல் வரலாற்றாசிரியர் பலரின் குற்றச்சாட்டு. ரேமாக் யூதர்; மதம் மாற மறுத்தவர்; பிரசியாவில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை. கலங்களுக்கு வழங்கப்பட்ட சமவுரிமை, அவற்றின் பிறப்பைக் கண்டவருக்கு வழங்கப்படவில்லை.

விர்ச்சோவின் மாணவரான ஏர்ணஸ்ட் ஹெக்கலின் கையில் இவ்வுருவகம் வேறொரு வடிவம் பெற்றது. தாவரங்கள் கலங்களின் குடியரசுகள். உயர் விலங்குகளோ நரம்புத் தொகுதியின் ஆணைக்கு அடங்கிய முடியாட்சிகள் என்றார் அவர். பிஸ்மார்க் ஜேர்மனியை ஒன்றிணைத்த காலத்தில் இக்கருத்து எழுந்தது தற்செயல் எனக் கொள்வது கடினம். கூர்ப்புக் கொள்கையைப் பாடசாலைகளிற் கற்பிப்பது குறித்து 1877இல் ஆசிரியரும் மாணவரும் மோதினர். அக்கொள்கை சமவுடைமைக்கு வழிகோலும் என விர்ச்சோ அஞ்ச, அது உயர்குடி ஆட்சிக்கே சார்பானது என ஹெக்கல் மறுமொழி கூறினார். ஒரே நுணுக்குக்காட்டியில் ஒருவர் குடியரசையும் மற்றவர் முடியாட்சியையும் கண்டனரெனின், அவை கண்ணாடித் தட்டில் இருந்திருக்க முடியாது.

சமூகத்திலிருந்து உடலுக்குச் சென்ற உருவகம், அறிவியலின் அதிகாரத்தோடு சமூகத்துக்கே மீள்வதுதான் அச்சம் தருவது. சமூகத்தை உடலாகக் காண்பது பழைய வழக்கே. இருக்குவேதப் புருஷ சூக்தம் நால்வருணங்களை ஓருடலின் உறுப்புகளிலிருந்து பிறப்பித்தது. ‘கோரியோலேனஸ்’ நாடகத்தின் முதற்காட்சியிலே பசித்த மக்களுக்கு வயிற்றின் கதை சொல்லப்படுகின்றது. காலுக்குத் தலையாகும் உரிமையில்லை என்பதே இவ்வொப்புமையின் உட்கிடை. நாற்சிகள் மக்களை ஓர் உடலாகவும் யூதரை அதிலுற்ற ஒட்டுண்ணியாகவும் வருணித்தபோது, அழிப்பு என்பது சிகிச்சையின் பெயரைப் பெற்றது. ஓரினத்தைப் புற்றுநோய் என்று கூறுபவர் அதற்கான பரிகாரத்தையும் அச்சொல்லிலேயே கூறிவிடுகின்றார்.

உண்மையில் உடல் எவ்வகை அரசையும் ஒத்ததன்று. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீளமான சீனோரப்டிட்டிஸ் எலெகன்ஸ் என்னும் புழுவின் வளர்ச்சியில் 1090 உடற்கலங்கள் தோன்றுகின்றன, அவற்றுள் 131 குறித்த வேளையில் தாமே மடிகின்றன, 959 எஞ்சுகின்றன. இதனைத் தியாகம் என்பதும் மரணதண்டனை என்பதும் ஒருங்கே பொருந்தா. அக்கலங்கள் யாவும் ஒரே கருக்கட்டிய முட்டையின் வழிவந்தவை; அவற்றின் பரம்பரைச் செய்தியும் ஒன்றே. குடிமக்கள் அவ்வாறு தோன்றியவரல்லர்.

தலைவனைத் தேடும் பழக்கமோ ஆய்வுகூடத்தை விட்டு எளிதில் நீங்கவில்லை. டிக்டியோஸ்டீலியம் என்னும் மண்வாழ் நுண்ணுயிரின் தனிக்கலங்கள், உணவு அற்றவிடத்து ஒன்றுகூடி ஓருடலாகின்றன. சில தலைமைக்கலங்கள் அழைக்க ஏனையவை வருகின்றன எனப் பலரும் கருதினர். அத்தகைய தலைமை இன்றியும், ஒத்த கலங்களிடையே நிகழும் இரசாயனத் தொடர்பினாலேயே கூடுகை தொடங்கலாம் என ஈவ்லின் பொக்ஸ் கெல்லரும் லீ செகலும் 1970இற் கணிதவழி காட்டினர். ஆயினும் உயிரியலாளரிடையே தலைமைக்கல விளக்கத்துக்கே நெடுங்காலம் கூடுதலான வரவேற்பிருந்தது என்பதைக் கெல்லர் பின்னர் எடுத்துக்காட்டினார்.

பாடநூல்களிலும் இப்பழக்கம் தொடர்கின்றது. கரு கலத்தை ஆளுகின்றது எனப் பலவும் எழுதுகின்றன. தவளையின் வாற்பேயொன்றின் குடற்கலத்துக் கருவை, கரு நீக்கிய முட்டையில் இட்டு ஜோன் கேர்டன் 1962இல் வெளியிட்ட ஆய்வில், அக்கரு குடலுக்குரிய தொழிலை விட்டு முழுவுயிரொன்றின் வளர்ச்சியைத் தொடங்கியது. ஆளப்படுவதாகக் கூறப்பட்ட குழியவுருவே அங்கு கருவை மாற்றியது. ‘ஆளுகின்றது’ என்று எழுதும் அதே நூல், சில அத்தியாயங்கள் கழித்துக் குருதியைப் பற்றிக் கூறுமிடத்து, மனிதனின் முதிர்ந்த செங்குழியத்திற் கருவே இல்லை என்றும் அது ஏறத்தாழ 120 நாள் ஒட்சிசனைச் சுமந்து திரிகின்றது என்றும் எவ்விதத் தயக்கமுமின்றிச் சொல்லிச் செல்கின்றது.