ஆளில்லாத கப்பல்

சங்கரன்கோவிலில் நண்பர் ஒருவர் தன் புது வீட்டு ஹாலில் ‘நார்மண்டி’ கப்பல் போஸ்டரின் பிரதியை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். ஆன்லைனில் வாங்கியது. பழைய கப்பல் விளம்பரங்கள் இப்போது வீட்டு அலங்காரமாக நன்றாகவே விற்கின்றன. அதைப் பற்றிச் சில குறிப்புகள்.

முதலில் படம். 1935-ல் கஸாண்ட்ர் வரைந்தது. நியூயார்க் போகும் பிரெஞ்சுக் கப்பலுக்கான விளம்பரம். கப்பலின் முகப்பை நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிற கோணம். கீழே புள்ளி புள்ளியாகச் சில பறவைகள். அந்தப் பறவைகளை எடுத்துவிட்டால் கப்பல் எவ்வளவு பெரிசுன்னே தெரியாது. அளவைச் சொல்ல இவ்வளவு சிக்கனமான வழி! சுவரில் மாட்டத் தகுந்த படம்தான், சந்தேகமில்லை.

ஆனா ஒண்ணு கவனிங்க. படத்தில் ஒரு மனுஷன்கூடக் கிடையாது.

நம்ம பக்கத்துக் கப்பலை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எஸ்.எஸ். ரஜூலா 1926-ல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-கள் வரை போய்வந்தது. நார்மண்டி சுமார் 80,000 டன். ஏறத்தாழ 2,000 பயணிகள். ரஜூலா அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஆரம்பத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. பாயை விரித்த இடம்தான் அவர்களுக்குக் கேபின். ரஜூலாவை ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைக் கட்டணத்தைக் குறைத்து நெருக்கியதும் அதே கம்பெனிதான்.

இந்தப் போஸ்டர்களை விற்பவர்கள் ‘கடல் பயணத்தின் பொற்காலம்’ என்கிறார்கள். யாருடைய பொற்காலம்? நார்மண்டி போஸ்டரைக் கோட்டுக்காகவும் கோணத்துக்காகவும் மாட்டினால் எனக்கு ஆட்சேபமில்லை. ‘அந்தக் காலத்துப் பயணம்னா இதான்’ என்று பிள்ளைகளிடம் சொல்லும்போதுதான் இடிக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மலேயாவுக்குப் போன பெரும்பாலானவர்களின் பயணம் டெக்கில்தான் நடந்தது. அந்த நெரிசலைக் காட்டி யாரும் டிக்கெட் விற்க மாட்டார்கள். அதனால்தான் அது போஸ்டரில் வரவில்லை; போஸ்டரில் வராததால் நம் சுவருக்கும் வரவில்லை.

கப்பலேறிப் போனவர்கள் இருந்த வீடுகளில் பழைய பாஸ்போர்ட்டோ, கப்பல் டிக்கெட்டோ இன்னும் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கலாம். வீட்டைக் காலிபண்ணும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விடுவதும் அதுதான். உங்கள் வீட்டில் இருந்தால் ஸ்கேன் பண்ணி வையுங்கள். ஒரு பிரதியை நார்மண்டிக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். அப்போதுதான் அந்தச் சுவரில் கப்பலோடு பயணிக்கும் இடம் கிடைக்கும்.