கூண்டுப் புலி காட்டைக் காக்குமா?

அழிவின் விளிம்பில் நிற்கும் புலியினத்தைக் காக்கவே அதை உயிரியல் பூங்காக்களில் வளர்த்துப் பெருக்குகிறோம் என்பது உலகெங்கும் சொல்லப்படும் வாதம். இதில் ஓரளவுதான் உண்மை இருக்கிறது.

முதலில் அதன் வலிமை. தென்சீனப் புலியைக் காட்டில் பல பத்தாண்டுகளாக யாரும் கண்டதில்லை. அந்த வகை அடியோடு அழியாமலிருக்க வளர்ப்பிடங்களே காரணம். ஜெர்மனியின் லைப்சிக் பூங்கா, உலகப் பூங்காப் புலிகளின் வம்சாவளியைப் பதிவேடாகப் பேணி, நெருங்கிய உறவுகள் இணையாமலிருக்க வழிகாட்டுகிறது. மனிதரோடு மோதி, திரும்பக் காட்டில் விட முடியாத புலிகளுக்கும் இத்தகைய இடங்களே புகலிடம். 2021இல் மசினகுடியில் பிடிபட்ட டி-23 புலி மைசூரு மறுவாழ்வு மையத்துக்குத்தான் போனது.

குறை இதைவிடப் பெரிது. 1951இல் ரேவா காட்டில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற வெள்ளைப் புலியை அதன் மகளோடு இணைசேர்த்துக் குட்டிகள் பெறப்பட்டன. இன்று பூங்காக்களில் நாம் வியந்து பார்க்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்த வழிவந்தவை. வெள்ளைப் புலி தனி இனமன்று. ஒரு மரபணு மாற்றத்தின் விளைவு. அந்த நிறத்துக்காக உறவுக்குள்ளேயே இணைசேர்த்ததால் மாறுகண்ணும் பிற உடற்குறைகளும் பெருகின. இதைப் பாதுகாப்பு என்று அழைப்பது தவறு.

காட்டிலுள்ள புலிக்கும் ஆபத்து இல்லாமலில்லை. கள்ளவேட்டையால் சரிஸ்கா புலிகள் காப்பகம் 2005க்குள்ளும் பன்னா புலிகள் காப்பகம் 2009க்குள்ளும் புலியற்றுப் போயின. ஆனால் அவற்றை மீட்டவை பூங்காப் புலிகள் அல்ல. சரிஸ்காவுக்கு ரந்தம்பூரிலிருந்தும், பன்னாவுக்குக் கன்ஹா, பாந்தவ்கர், பெஞ்ச் காடுகளிலிருந்தும் புலிகள் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் தாயிழந்து கன்ஹாவில் வளர்ந்த இரு பெண்புலிகளும் உண்டு. மனிதரை அண்டவிடாமல், அடைப்புக்குள்ளேயே வேட்டையாடப் பழக்கிய பிறகே அவற்றைப் பன்னாவில் விட்டார்கள். அங்கே அவை குட்டிகளும் ஈன்றன. இரையைத் துரத்தத் தெரியாமல், மனிதரைக் கண்டு அஞ்சாமல் வளரும் பூங்காப் புலிக்கு இது எளிதில் கைகூடாது.

இந்தியாவில் 2006இல் 1,411 என மதிப்பிடப்பட்ட புலிகள் 2022இல் 3,682 ஆயின; தமிழ்நாட்டில் 76ஆக இருந்தவை 306 ஆயின. கணக்கெடுப்பு விரிவடைந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆனாலும் பெருக்கத்தின் ஆணிவேர் காடும், அதிலுள்ள மானும் காட்டெருமையும், இரவுபகலாகச் சுற்றிவரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும்தான்.

ஆகவே பூங்காக்களை மூடச் சொல்வது தீர்வாகாது. வெள்ளைப் புலிக் காட்சிக்கான இனப்பெருக்கம் நிற்க வேண்டும். வம்சாவளி பேணுவதும், அடிபட்ட விலங்குகளுக்கு அடைக்கலம் தருவதும் பூங்காக்களின் பணியாகட்டும். முதன்மைச் செலவும் கவனமும் புலிகளின் வழித்தடங்களுக்கும், காவலர்களின் ஊதியத்துக்கும், கால்நடை இழந்த குடும்பங்களுக்கு உடனடி இழப்பீட்டுக்கும் போகட்டும். புலியின் எண்ணிக்கையைக் கூண்டில் கூட்டிவிடலாம். புலியாக வாழும் திறனைக் காடு மட்டுமே அதற்குக் கற்றுத்தரும்.