பிளேடுக்கு முன்னால் தண்ணீர்

பரணில் கிடந்த ஷேவிங் செட் மறுபடியும் இறங்கி வந்திருக்கிறது. தாத்தா காலத்துச் சாமான் என்று ஒதுக்கப்பட்டதை அரூரிலும் பாலக்கோட்டிலும் இருபது வயதுப் பையன்கள் ஆசையாக வாங்குகிறார்கள். ரேசர் கைக்கு வந்ததும் பிளேடு ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது. மளிகைக் கடையில் தொங்கும் டோபாஸும் லேசரும் செவன் ஓ கிளாக்கும் போதாமல், ஜப்பானின் ஃபெதர், துருக்கியின் டெர்பி என்று வகைக்கு ஐந்தாக வரவழைத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். முரட்டுத் தாடிக்கு எது, எரிச்சல் படும் தோலுக்கு எது என்று அவர்கள் கைமாற்றிக்கொள்ளும் தரவரிசைகளில் பெரும்பாலும் முதல் அளவுகோல் கூர்மை. தாடி எவ்வளவு முரடோ பிளேடு அவ்வளவு கூராக இருக்க வேண்டும். தோல் எரிந்தால் வேறு பிளேடுக்கு மாற வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் நான் நெடுநாளாக மறுத்து வருகிறேன்.

இந்த மோகத்தில் நல்லது உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் காப்புரிமை பெற்ற அந்த ஒற்றைப் பிளேடு ரேசரின் எளிய அமைப்பு இன்றும் பழுதில்லாதது. ஒன்றன் பின் ஒன்றாகப் பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜில், முன்னது முடியை இழுத்துப் பிடிக்கப் பின்னது அதைத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுகிறது. சுருள் முடிக்காரர்களுக்கு அந்த முனை உள்ளுக்குள்ளேயே வளைந்து குத்தி, கழுத்தெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்பும். ஒற்றைப் பிளேடு இந்தத் தொல்லையைக் குறைக்கும். செலவும் குறைவு, குப்பையும் குறைவு. மழுங்கிய பிளேடு முரட்டுத் தாடியைப் பிடுங்கும், கூரான பிளேடு பிடுங்காது என்பதும் உண்மைதான். இவ்வளவும் எனக்குச் சம்மதம்.

என் மறுப்பு தண்ணீரைப் பற்றியது. முடி வெட்டுப்படுவதற்கு முன் நடக்க வேண்டிய வேலையை இந்தத் தரவரிசைகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. காய்ந்த தாடி முடி விறைப்பானது. அதே முடி இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறினால் உள்ளிருக்கும் கெரட்டின் நீரை வாங்கி இளகுகிறது. வெட்டத் தேவையான விசை வெகுவாகக் குறைகிறது. வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். சோப்பின் வேலை முடி மேலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கித் தண்ணீரை உள்ளே விடுவது, ஊறிய முடியைக் காயாமல் வைத்திருப்பது, பிளேடுக்கும் தோலுக்கும் இடையே வழுக்கும் படலமாக நிற்பது. இந்த மூன்றும் நடந்துவிட்டால் டோபாஸுக்கும் ஃபெதருக்கும் உள்ள தூரம் பாதியாகச் சுருங்கிவிடும். நடக்காவிட்டால் எந்த நாட்டுப் பிளேடும் முகத்தைக் காப்பாற்றாது.

தர்மபுரி மாவட்டத்தில் இது நடப்பதில்லை, அல்லது அரைகுறையாக நடக்கிறது. காரணம் போர் தண்ணீர். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடைப் பற்றித் தமிழ்நாடே பேசியிருக்கிறது. கறை படிந்த பற்களையும் வளைந்த எலும்புகளையும் பார்த்த பிறகுதான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஃபுளோரைடுக்கும் சவரத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் பாறை இடுக்குகளில் ஊறிக் கிடக்கும் தண்ணீர் பல ஊர்களில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவதும், சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் ஓடாகப் பிடிப்பதும், துணி துவைக்கும்போது சோப்பு கரைந்தும் நுரை வராமல் போவதும் அதனால்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று ஏற்கத்தக்க அளவு வைத்து, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. 600-க்குக் குடிக்க அனுமதி உண்டு என்பதற்காக அந்தத் தண்ணீரில் நுரை நிற்கும் என்று நினைக்கக் கூடாது.

சோப்பு என்பது சோடியம் அல்லது பொட்டாசியத்தோடு சேர்ந்த கொழுப்பு அமிலம். கடின நீரில் அது கால்சியத்தோடு சேர்ந்து கரையாத திப்பியாக மாறுகிறது. டியூபில் வரும் ஷேவிங் க்ரீம்களும் பெரும்பாலும் இதே சேர்க்கைதான். பெயர் மாறினாலும் ஸ்டியரிக் அமிலம் மாறுவதில்லை. பிரஷ்ஷை எவ்வளவு சுழற்றினாலும் போர் தண்ணீரில் எழுகிற நுரை பெரிய பெரிய குமிழாக எழுந்து, கன்னத்தில் பூசி முடிப்பதற்குள் உடைந்து காய்ந்துவிடும். முடி ஊறுவதற்கு நேரமே இல்லை. தோலில் தங்குவது வழுக்கும் படலமல்ல, பிசுபிசுக்கும் திப்பி. அதன் மேல் உலகத்திலேயே கூரான பிளேடை இழுத்தால் என்ன ஆகும்? முடியோடு மேல்தோலும் சீவப்படும். எரியும். எரிந்தவுடன் பையன் பிளேடைக் குற்றம் சொல்லி அடுத்த பொட்டலத்துக்குப் போகிறான்.

கடின நீரே தோல்நோய் தருகிறது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று, கடின நீர்ப் பகுதிகளில் எக்ஸிமா அதிகம் என்று 1998-ல் காட்டியது. ஆனால் எக்ஸிமா உள்ள குழந்தைகளின் வீடுகளில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்திப் பார்த்த சோதனை, அதனால் நோய் கூடுதலாகத் தணியவில்லை என்று 2011-ல் முடிவு சொன்னது. நோய் விஷயம் மருத்துவர்கள் தீர்க்க வேண்டியது. நுரை விஷயம் வேறு. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம்; ஒரு கிண்ணத்தில் போர் தண்ணீரும் இன்னொன்றில் மழைத் தண்ணீரும் எடுத்து, ஒரே அளவு க்ரீமைக் கலக்கிப் பார்த்தால் போதும்.

தண்ணீரை மறந்தவர்கள் நம் பையன்கள் மட்டுமல்ல. ஜில்லெட் கம்பெனியே ஒருமுறை மறந்து நஷ்டப்பட்டிருக்கிறது. இந்தியாவுக்கென்று ஒரு ரேசர் செய்தபோது, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். 2002 வாக்கில் இங்கே விற்பனைக்கு வந்தது, எடுபடவில்லை. அந்த மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டு அலசி அலசிச் சவரம் செய்தவர்கள். இங்கே ஆட்கள் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சவரம் செய்தார்கள். ரேசரில் முடி அடைத்துக்கொண்டது. கம்பெனி ஆட்கள் நேரில் வந்து வீடு வீடாகப் பார்த்த பிறகு உருவானதுதான் 2010-ல் 15 ரூபாய்க்கு வந்த ‘கார்ட்’ ரேசர். 1998-ல் மூன்று பிளேடும் 2006-ல் ஐந்து பிளேடும் விற்ற அதே கம்பெனி, இந்தியக் குவளையைப் பார்த்ததும் ஒற்றைப் பிளேடுக்கு இறங்கி வந்தது. அவர்கள் கவனித்தது தண்ணீரின் அளவை. அதன் குணத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பதே என் வாதம். எங்கோ மென்னீர் ஓடும் ஊரில் ஒருவர் கொடுத்த மதிப்பெண்ணைப் பென்னாகரத்து முகத்தின் மேல் வைப்பது அன்றைய அந்தச் சோதனையின் தவறையே திரும்பச் செய்வதாகும்.

மதிப்பெண்ணின் நம்பகத்தன்மையும் அவ்வளவுதான். தலைமுடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அது எப்படிப் பிளேடைக் கெடுக்கிறது என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2020-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பிளேடு தேய்ந்து மழுங்குவதைவிட, விளிம்பில் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது என்பது அவர்கள் கண்டது. முடி வளைந்து சாய்வாக மோதும் கோணம், எஃகின் உள்ளமைப்பு இடத்துக்கு இடம் மாறுபடுவது, மோதும் இடம் என்று பல சங்கதிகள் ஒன்றுகூடும்போது சில்லு பெயர்கிறது. அப்படியிருக்க, ஐந்து பிளேடு போட்டுப் பார்த்து ஒரு கம்பெனிக்கு எட்டரை, இன்னொன்றுக்கு ஏழு என்று எழுதுவதில் கம்பெனியின் பங்கு எவ்வளவு, அன்றைய கையின் சாய்வும் அன்றைய நுரையும் எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

சலூனையும் இதில் சேர்க்க வேண்டும். நம் ஊரில் ஆண்களில் நிறையப் பேர் இன்னும் சலூனில்தான் சவரம் செய்துகொள்கிறார்கள். 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகு நடந்த விழிப்புணர்வுப் பிரசாரம் சலூனுக்குள்ளும் வந்தது. உறையோடு இரண்டாக முறித்த புதுப் பிளேடின் பாதியைக் கத்தியில் செருகுவதைக் கண்ணால் பார்த்த பிறகே நாற்காலியில் சாயும் பழக்கம் வாடிக்கையாளருக்கு வந்தது. பெரிய காரியம், சந்தேகமில்லை. அண்ணன் புதுப் பிளேடு போடுகிறாரா என்று பார்க்கக் கற்றுக்கொண்ட நாம், அதோடு பார்வையைத் திருப்பிக்கொண்டோம். ஸ்ப்ரே பாட்டிலில் இருப்பது எந்தத் தண்ணீர், நுரை எத்தனை நேரம் முகத்தில் இருந்தது, ஒருமுறை இறக்கிய பிறகு எதிர்ப்போக்கில் ஏன் இன்னொரு முறை இழுக்கிறார் என்று கேட்பதில்லை. மழமழவென்று கை வழுக்க வேண்டும் என்று நாம்தான் அந்த இரண்டாம் முறையைக் கேட்டு வாங்குகிறோம். சுருள் முடியும் எரிச்சல் தோலும் உள்ளவருக்கு அந்த மழமழப்புதான் மறுவாரப் பொரிக்கு விதை. தரவரிசைக்காரர்கள் கூர்மையைப் புகழும்போது புகழ்வதும் இந்த மழமழப்பையே. கடைசியில் தேய்க்கும் படிகாரக்கல் ரத்தத்தை நிறுத்தும். ஏற்கெனவே வறண்ட தோலை மேலும் இறுக்கவும் செய்யும்.

கூர்மையை முதலில் வைக்கிறவர்கள் இவ்வளவையும் மறைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்றாலும் விளைவு ஒன்றே. முகம் வீங்கிய பையனுக்கு அவர்கள் கொடுப்பது இன்னொரு பொட்டலத்தின் பெயர். சூடு பண்ணிய தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுதினால் விற்க ஒன்றும் இருக்காது.

செய்ய வேண்டியது சிறியது. இங்கே பல வீடுகளில் ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் போர் தண்ணீரைப் புழங்குகிறார்கள். சவரத்துக்கு அந்தக் காவிரித் தண்ணீரில் ஒரு டம்ளர் போதும். அது முறை வைத்து வரும் ஊரென்றால் போர் தண்ணீரையே நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். பைகார்பனேட்டால் வரும் கடினம் அடியில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும், தெளிவை இறுத்துக்கொள்ளலாம். எல்லாக் கடினமும் இதனால் போகாது, ஆனாலும் நுரையில் வித்தியாசம் தெரியும். குளித்து முடித்த கையோடு, தாடி ஊறியிருக்கும்போதே உட்காருங்கள். நுரையை மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். முடி வளரும் போக்கில் மட்டும், அழுத்தாமல் இறக்குங்கள். இப்படிச் சில வாரம் செய்த பிறகும் பிளேடு பிடுங்கினால், அப்போது பிளேடை மாற்றுவது நியாயம். அதற்கும் முதலில் மளிகைக் கடைப் பிளேடுகளிலேயே தேடலாம்.

பிளேடுகளுக்கு மதிப்பெண் போடுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிளேடின் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மையையும், நுரை முகத்தில் நின்ற நேரத்தையும் எழுதுங்கள். அது இல்லாத தரவரிசையைத் தர்மபுரிக்காரர்கள் நம்ப வேண்டியதில்லை.