அஞ்சலி கேட்டுக்கொண்டே இருந்தாள்

கே. பாலசந்தரின் ‘டூயட்’ 1994இல் வந்தபோது நான் பர்கூரில் எட்டாம் வகுப்பு. திரையில் பிரபு ஊதிய சாக்சபோனை உண்மையில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. படத்தின் கதையும் இதேதான். அண்ணன் குணாவின் இசையைத் தம்பி சிவாவினுடையது என்று நம்பி அஞ்சலி காதலிக்கிறாள். தன் கலைக்கு உரிய பெயர் கிடைக்காத ஆணுக்காகப் படம் உருகுகிறது. நானும் அழுதேன். என் முதல் தொகுப்பில் சாக்சபோனை ‘ஆணின் அழுகை’ என்றே எழுதினேன்.

இப்போது பார்க்கையில் அஞ்சலிதான் உறுத்துகிறாள். அந்த இசையின் அருமையைக் கண்டுகொண்ட காது அவளுடையது. ஆனால் அவள் செய்ய வேண்டியதெல்லாம் சரியான ஆணைக் கண்டுபிடிப்பது மட்டும். அந்த வாத்தியத்தை அவளும் எடுத்து ஊதலாம் என்று படத்துக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லையே!

இத்தனைக்கும் 1940களின் அமெரிக்காவில், ஸ்விங் இசை கொடிகட்டிப் பறந்தபோது, ‘இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’ என்ற பெண்கள் குழுவில் வை பர்ன்சைட் டெனார் சாக்சபோன் வாசித்துக்கொண்டிருந்தார். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். நிறவெறித் தென்மாநிலங்களில் தங்க விடுதி கிடைக்காமல் பேருந்திலேயே உறங்கி எழுந்து ஊர் ஊராய் வாசித்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? கன்னடப் பக்கத்துப் பழக்கத்தால் எங்கள் எல்லையோரக் கல்யாணங்களில் சாக்சபோன் புதிதல்ல. கத்ரியின் மாணவி எம்.எஸ். லாவண்யா கச்சேரி மேடைகளில் வாசிக்கிறார். அவருடைய வாசிப்பை வகுப்பில் போட்டுக் காட்டினேன். “பொம்பளைக்கு இவ்ளோ தம் கட்ட முடியுமா மேடம்?” என்றான் ஒரு மாணவன். பின்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். “எங்கம்மா முப்பது வருசமா அடுப்பு ஊதுறாங்கடா.”