நிறுத்துவதுதான் வித்தை

விண்வெளி விளையாட்டு எதைத் திறந்தாலும் நான் முதலில் சோதித்துப் பார்ப்பது ஒன்றைத்தான்: பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் ஆள் நின்றுவிடுகிறானா, போய்க்கொண்டே இருக்கிறானா? நின்றுவிட்டால் அவனைச் சுற்றி இருப்பது வெற்றிடம் இல்லை, தண்ணீர். திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையிலிருந்து காவிரியில் குதித்து வளர்ந்தவர்களிடம் இந்த ஏமாற்று செல்லாது. கையை வீசுவதை விட்டால் தண்ணீரே நம்மைப் பிடித்து நிறுத்திவிடும் (ஆற்றின் இழுப்பு வேறு கதை). வெற்றிடத்தில் அப்படிப் பிடிக்க ஒன்றுமில்லை.

வேடிக்கை என்னவென்றால், மிகப் பழைய விளையாட்டு இதில் நேர்மையாக இருந்தது. 1962இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் எழுதிய ‘ஸ்பேஸ்வார்’ கப்பல் ஒருமுறை உந்தினால் ஓயாது. போதாததற்கு நடுவிலிருக்கும் விண்மீன் வேறு இழுக்கும். 1979இல் அடாரியின் ‘ஆஸ்டராய்ட்ஸ்’ ஆடுகிறவர்மேல் இரக்கப்பட்டுக் கப்பலை மெல்ல ஓயவிட்டது. அந்த இரக்கத்தைப் பல விளையாட்டுகள் இன்னும் விடவில்லை.

உடம்பைக் காட்டுவது இன்னும் சிரமம். 1966 ஜூனில் ஜெமினி 9 விண்கலத்தைவிட்டு வெளியே வந்த யூஜீன் செர்னனுக்கு எதைத் தொட்டாலும் உடம்பு எதிர்ப்பக்கம் போயிற்று. சரியான பிடிமானம் இல்லை. வியர்த்துக் களைத்து, முகக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, பாதியில் திரும்பினார். நவம்பரில் ஜெமினி 12இல் போன பஸ் ஆல்ட்ரின் நீருக்கடியில் பயிற்சி எடுத்திருந்தார். கைப்பிடிகளும் பாதப்பிடிகளும் கூடுதலாகப் பொருத்தியிருந்தார்கள். நிதானமாக வேலையை முடித்தார்.

செர்னன் பட்ட பாட்டைப் புரிந்துகொண்ட விளையாட்டு என்று நான் சொல்வது ‘லோன் எக்கோ’வை (2017). தலையில் மாட்டும் திரை, இரண்டு கையிலும் கருவி. சனியின் வளையங்களுக்கிடையே ஒரு சுரங்க நிலையம். நாம் அங்கே இயந்திர மனிதன். காலுக்கு வேலையே இல்லை. சுவரைப் பற்றித் தள்ளினால், தள்ளியதற்கு எதிர்த்திசையில், தள்ளிய வேகத்தில் போகிறோம். கொஞ்சம் கோணலாகத் தள்ளினால் எங்கேயோ போய் இடிப்போம். மணிக்கட்டில் சின்ன உந்திகள் உண்டு, திருத்திக்கொள்ள மட்டும். சற்று நேரத்தில் கை தானாக அடுத்த பிடியைத் தேட ஆரம்பிக்கிறது. அந்தக் கணத்துக்காகவே விலை கொடுக்கலாம்.

‘டெட் ஸ்பேஸ்’ முதல் பாகத்தில் (2008) ஒரு சுவரிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே தாவல். நடுவில் திசை மாற்ற வழியில்லை. 2011இல் வந்த இரண்டாம் பாகம் உந்திகள் தந்து பறக்கவிட்டது. பலருக்கும் அதுதான் பிடித்தது. என் ஓட்டு முதலாவதற்கே. தாவுமுன் யோசிக்க வைத்தது.

கைகளைத்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். 2025 ஜூன், ஜூலையில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் இருந்தபோது வந்த காணொளிகளைப் பாருங்கள். தளரவிட்ட கை அங்கே தொங்காது. முன்னே எழும்பி நிற்கும், முழங்கால் லேசாக மடியும். நம்மூர் ‘டிக் டிக் டிக்’ (2018) படம் முதல் பெரிய விளையாட்டுகள் வரை, இதைக் கவனித்தவர்கள் குறைவு.

‘ஹார்ட்ஸ்பேஸ்: ஷிப்பிரேக்கர்’ பிடித்துக்கொண்டது நிறையை. பழைய கப்பல்களை வெட்டிப் பிரிக்கும் கூலித் தொழிலாளி நாம். சிறு தகட்டைக் கொக்கி போட்டு இழுத்தால் அது நம்மிடம் வரும். பெரிய பாகத்தை இழுத்தால் நாம்தான் அதனிடம் போவோம். எடைதான் இல்லையே என்று, மெதுவாக மிதந்து வரும் எந்திரத்தின் குறுக்கே நின்றால் நசுக்கிவிட்டுப் போகும்.